விழறதுக்கு முன்னாடி விசாரிக்கணும்

அதுல உக்காராதீங்க மேடம், அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுது. இந்தப் பக்கமா வாங்க, செவுத்தோரமா... ஆங், அப்படி. நான் வந்த அன்னைக்கே ஆட்டிப் பாத்துட்டேன். உள்ள இருக்கற மாஸ்டரம்மாகிட்டயும் சொன்னேன். சரி பண்ணிடறோம் சார்னாங்க. இன்னும் ஆடிக்கிட்டேதான் இருக்கு. வெளிய போட்டிருக்கற பெஞ்சே இந்த லட்சணத்துல இருந்தா உள்ள எப்படி இருக்கும்னு ஒரு மனுஷனுக்குத் தோணுமா தோணாதா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.

நீங்களும் அந்த இலவச வகுப்புக்குத்தானே? பாத்தாலே தெரியுது. புது டிராக் பேண்ட்டு, தண்ணி பாட்டில்ல ஒட்டின சீட்டைக் கூட இன்னும் பிய்க்கல. கூச்சப்படாதீங்க, நானும் அதுக்குத்தான். இன்னைக்குத்தானே கடைசி நாள். 'வயதானவர்களுக்கான காலை வகுப்பு, முதல் முறை இலவசம்.' வயதானவர்களாம். அந்த வார்த்தையை விட்டுட்டு எழுதியிருந்தா இன்னும் நாலு பேரு வந்திருப்பாங்க. உங்களைச் சொல்லல மேடம், நீங்க என்னை விட எவ்வளவோ சின்னவங்க.

நேரம் இருக்கு, உக்காருங்க. உள்ள சின்னப் பசங்க வகுப்பு முடியணும். கேக்குதா, தொப்பு தொப்புன்னு? அதுதான். விழறாங்க. வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா விழறாங்க. முதல் தடவை கேட்டப்ப நான் ஏதோ மூட்டை இறக்கறாங்கன்னு நினைச்சேன்.

இது என்ன கலைன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. பேரு வாயில நுழையல. போர்டுல இருக்கு, சத்தமாப் படிச்சீங்கன்னா நாக்கு சுளுக்கிக்கும். கராத்தே இல்ல, குஸ்தி இல்ல. அடி உதை கம்மி. ஆளைப் பிடிச்சு, இழுத்து, ஒரு சுத்து சுத்திக் கீழ போட்டுடறாங்க. அதுவும் போடறவங்களுக்குப் பாடம் அப்புறம்தான். மாசக் கணக்குல முதல்ல விழறதுக்குத்தான் பாடம். ஒரு உடுப்பை வாங்கிப் போட்டுக்கிட்டு, இடுப்புல ஒரு பட்டையையும் கட்டிக்கிட்டு, விழக் கத்துக்கணுமாம். நான் இத்தனை வருஷமா ஓசியிலேயே விழுந்துக்கிட்டிருக்கேன்.

சிரிங்க, சிரிங்க. சிரிக்கறதுக்குத்தான் சொன்னேன்.

ஆனா ஒண்ணு மேடம், புது இடம்னா விசாரிக்காம உள்ள போகக் கூடாது. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க? நான் எதுலயும் முதல் ஆளாப் போனதே கிடையாது. எங்க வீட்டுல புதுசா ஏதாவது சமைச்சா முதல் வாய் என் மச்சானுக்குத்தான். அவன் சாப்பிட்டு அரை மணி நேரம் நல்லா நடமாடினான்னா அப்புறம் நான் தட்டைப் போடுவேன். அவனுக்கு இது தெரியாது. மாமாவுக்கு நம்ம மேல எவ்வளவு பாசம்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.

எல்லாம் தொழில் பண்ற வேலை. குக்கர், மிக்ஸி பண்ற கம்பெனியில கம்ப்ளெயிண்ட் கவுண்டர் எனக்கு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி உக்காந்து காலம் போயிடுச்சு. இத்தனை காலத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'சார், உங்க குக்கர் பிரமாதமா வேலை செய்யுது, சும்மா சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்'னு வந்ததுண்டா? வர்றதெல்லாம் மூடி பறந்த கேஸு, பிளேடு தெறிச்ச கேஸு. ஆளு வந்து நின்னாலே என் வாயில முதல்ல வர்ற கேள்வி, 'என்ன உடைஞ்சுது?' அதுவே நாக்குல ஊறிப்போச்சு. வீட்டுக்கு வந்த சம்பந்தியை வாங்கன்னு கூப்பிடறதுக்கு பதிலா 'என்ன உடைஞ்சுது'ன்னு கேட்டுட்டேன். அந்தம்மா அதுக்கப்புறம் எங்க வீட்டுல தண்ணி குடிக்கற டம்ளரைக் கூடப் பயந்து பயந்துதான் தொடறாங்க. எங்க பக்கத்துல என் பேரைச் சொல்லி விசாரிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. கம்ப்ளெயிண்ட் சார்னா வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவாங்க.

இருங்க... கண்ணாடி எங்க? இங்கதானே வெச்சேன். நீங்க அது மேல உக்காந்துடலையே? ஒரு நிமிஷம், பையில பாக்கறேன். இந்தப் பையைப் பாத்துச் சிரிக்காதீங்க, சம்சாரம் தைச்சது. ஜன்னல் திரைக்கு வாங்கின துணியில மிச்சம், மஞ்சப் பூ. ஆம்பளை தூக்கற பையா இதுன்னேன். தொலைச்சாலும் யாரும் எடுக்க மாட்டாங்கன்னுட்டா. பையிலயும் காணோம்... எங்க? தலையிலயா? அட, ஆமா. நெத்தி மேல ஏத்தி விட்டுட்டு ஊரெல்லாம் தேடறதே பொழைப்பாப் போச்சு. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையற ஆளுன்னு அதுக்கும் வீட்டுல ஒரு அர்ச்சனை நடக்கும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங். இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு நீங்க கேக்கல. ஆனா கேக்கணும்னு நினைக்கறீங்க. சொல்றேன்.

என் மகளுக்கு ஒரு பொண்ணு. குட்டி. இப்பத்தான் தத்தக்கா பித்தக்கான்னு நடக்கறா. போன மழைக்காலத்துல ஒரு நாள், அவளோட தொட்டில் மெத்தையை மாடியில காயப்போட்டிருந்தாங்க. எடுத்துக்கிட்டு இறங்கறேன், பாதிப் படியில கால் வழுக்கி, நேரா வாசல் வரைக்கும் போயிட்டேன். மெத்தை கையில இருந்ததால மண்டை தப்பிச்சுது. நான் கீழ கிடக்கேன், என் மக ஓடி வர்றா. அவ என்னைப் பாக்கல மேடம். மெத்தையைப் பாத்தா. நான் கட்டிப்பிடிச்சிருந்தேனே, அந்த மெத்தையை. அவ மனசுல என்ன ஓடிச்சுன்னு அவ சொல்லவே வேண்டாம். எனக்கும் அதேதான் ஓடிச்சு.

அன்னையிலேர்ந்து ஒரு வார்த்தை கடுமையாச் சொன்னதில்ல. 'அப்பா, நீங்க உக்காந்துக்கோங்க, குட்டியை மடியில தர்றேன்'னு சொல்றா. அவ்வளவு மரியாதையாச் சொல்றா, சண்டை போடக் கூட வழியில்ல. தூக்கறது வேற, மடியில வாங்கறது வேற, இல்லையா? போன ஞாயித்துக்கிழமை குட்டி நேரா என்கிட்ட வந்து ரெண்டு கையையும் மேல தூக்கறா. தூக்குன்னு அர்த்தம். நான் குனியறதுக்குள்ள வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் எழுந்துட்டாங்க. என் மச்சான் கூட. எனக்கு அழுகையே வந்துடுச்சு, தும்மல் மாதிரி சமாளிச்சேன்.

எலும்பு டாக்டர்கிட்ட போனேன். விழாம இருக்க மருந்து குடுங்கன்னேன். விழாம இருக்க யாராலயும் முடியாது சார், எப்படி விழறதுன்னு வேணா கத்துக்கலாம், இந்தத் தெருவுல ஒரு அம்மா சொல்லித் தர்றாங்கன்னாரு. அப்பத்தான் இந்த இடத்தைப் பத்தியே கேள்விப்பட்டேன்.

உடனே வந்துட முடியுமா? முதல்ல நெட்டுல பாத்தேன். அஞ்சு நட்சத்திரமா அள்ளிப் போட்டிருந்தாங்க. அஞ்சு நட்சத்திரத்தை எல்லாம் நான் நம்பறதில்ல, அதெல்லாம் மாமன் மச்சான் போடறது. ஒரு நட்சத்திரம் போட்டவன்தான் உண்மையைச் சொல்லுவான். தேடித் தேடி ஒருத்தனைப் பிடிச்சேன். வண்டி நிறுத்த இடமில்லன்னு எழுதியிருந்தான். அதுல எனக்கு என்ன கிடைக்கும்?

போன் பண்ணினேன். என் பையனைச் சேக்கணும்னு ஒரு தடவை, குரலை மாத்திக்கிட்டு மருமகளைச் சேக்கணும்னு ஒரு தடவை, பத்திரிகையில எழுதப் போறேன்னு ஒரு தடவை. அந்தம்மா பொறுமையா எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, 'சார், நேத்து உங்க பையனைக் கேட்டீங்களே, அவன் எப்ப வர்றான்'னாங்க. போனை வெச்சுட்டேன். அப்புறம் நேர்லயே வந்து, கீழ விரிச்சிருக்கற மெத்தையை அழுத்திப் பாத்தேன். கட்டை விரல் பாதி போகுது, பரவாயில்ல. இதோ இந்த ஜன்னல் வழியா எத்தனை வகுப்பு பாத்திருப்பேன்! பசங்க எனக்கு டாட்டா காட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

ஆனா உள்ள இருக்கறவங்க நல்லதைத்தானே காட்டுவாங்க? அக்கம்பக்கத்துல கேக்கணும். கீழ மருந்துக்கடை இருக்கு பாருங்க, அங்க போனேன். மேல யாருக்காவது கை கால் உடைஞ்சுதான்னேன். தெரியலையேன்னாரு. நல்லா யோசிச்சுப் பாருங்க, கை? சமீபத்துல? இல்லையேன்னாரு. யாரா இருந்தாலும் முதல்ல உங்க கடைக்குத்தானே வருவாங்க, நெருப்பில்லாம புகையுமான்னு சொல்லிட்டு வந்தேன். அப்புறம் லாண்டரி. வெள்ளை உடுப்பெல்லாம் இங்கதானே வருது, ரத்தக் கறை ஏதாவது இருக்குமான்னேன். வேர்வைக்கே சோப்பு பத்தலன்னுது அந்தப் பொண்ணு. அப்புறம் முடிவெட்டற கடை. இந்த மாஸ்டரம்மா முன்னாடி எங்க இருந்தாங்க, ஏன் அந்த இடத்தை விட்டு வந்தாங்க, அங்க ஏதாவது தகராறான்னேன். அவரு கத்தரியை என் காதோரமாவே வெச்சுக்கிட்டு யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு.

இப்படி விசாரிக்கறது எனக்குப் புதுசு இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி என் சம்சாரத்தைப் பத்தி அவ தெருவுல வீடு வீடாக் கேட்டேன். கோபம் வருமா, தூக்கத்துல பேசுமா, ஏதாவது பழைய வியாதியான்னு. இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா. 'நீங்க கேட்ட கேள்வியில எங்க தெருவுல எல்லாரும் எனக்கு ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வந்துக்கிட்டிருந்த வரன் எல்லாம் நின்னு போச்சு. கடைசியில மிஞ்சினது நீங்க ஒருத்தர்தான்.' இதுல நான் என்ன தப்பு பண்ணினேன், சொல்லுங்க? விசாரிச்சேன், திருப்தியா இருந்துது, கட்டிக்கிட்டேன்.

சரி, அதை விடுங்க. இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். கொஞ்சம் கிட்ட வாங்க, உள்ள கேக்கப் போகுது.

ஒரு வாரம் கழிச்சு முடிவெட்டற கடைக்காரர் என்னைப் பாத்து ஓடி வர்றாரு. 'அண்ணே, நீங்க கேட்டது சரிதான். மேல ஒருத்தருக்குக் கை உடைஞ்சு போச்சாம், மருந்துக்கடையில பேசிக்கிட்டாங்க.' மருந்துக்கடைக்குப் போனா அவரு வேற ஒண்ணு வெச்சிருக்காரு. அந்தம்மா முன்னாடி இருந்த இடத்துல பெரிய தகராறாம், அங்கயிருந்து ராத்திரியோட ராத்திரியாக் கிளம்பினாங்களாம். சரி, இவங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்கன்னே வெச்சுப்போம். நான் போகவே போகாத இடம் முனையில இருக்கற ஜெராக்ஸ் கடை. அங்க ஒரு பிரதி எடுக்கப் போனா, அந்த ஆளு தானாச் சொல்றாரு. உடுப்புல ரத்தமாம், லாண்டரியில துவைச்சு மாளலையாம். மூணு கடை, மூணு பேரு. ஒருத்தருக்கொருத்தர் அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. மூணு பேரும் சேந்து பொய் சொல்லுவாங்களா?

அதை விட பெருசு ஒண்ணு இருக்கு. போலீஸே வந்துட்டுப் போயிருக்கு மேடம். சாதா உடுப்புல. ஜெராக்ஸ்காரர் நேர்ல பாக்கல, ஆனா எல்லாரும் சொல்றாங்களாம். நல்ல உயரமாம், கம்பீரமான ஆளாம், கண்ணு ஒரு இடத்துல நிக்காதாம். கடை கடையா ஏறி, எவனுக்குக் கை உடைஞ்சுது, எங்க ரத்தம்னு ஒண்ணொண்ணாக் கேட்டிருக்காரு. நானும் அவரைப் பாத்துடணும்னு நடையா நடக்கறேன், கண்ணுலயே பட மாட்டேங்கறாரு. பட்டா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எவ்வளவு தூரம் கண்டுபிடிச்சிருக்காருன்னு.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் வந்து உக்காந்திருக்கேன்னு பாக்கறீங்க. குட்டி கையைத் தூக்கினாளே, அது போக மாட்டேங்குது. அதான் ஒரு யோசனை... தப்பா எடுத்துக்காதீங்க. வகுப்பு ஆரம்பிச்ச உடனே நீங்க முதல்ல உள்ள போங்க. நான் இந்த ஜன்னல்லயே நிக்கறேன். உங்களை ரெண்டு தடவை கீழ போடட்டும். நீங்க நல்லபடியா எழுந்து நடந்தீங்கன்னா, நானும் செருப்பைக் கழட்டிட்டு வந்துடறேன்.

ஏன் எழுந்துட்டீங்க? கால் மரத்துப் போச்சா? நடங்க, நடங்க, கொஞ்சம் நடந்தா சரியாயிடும்.

இதோ மாஸ்டரம்மாவே வர்றாங்க. பேச்சை மாத்துங்க... வாங்கம்மா, வணக்கம். பசங்க வகுப்பு முடிஞ்சுதா? இதோ நாங்க தயாரா இருக்கோம்... என்னம்மா? நிறுத்தறீங்களா? எதை, காலை வகுப்பையா? ஏம்மா? பேரு குடுத்திருந்தாங்களே நிறைய பேரு... எல்லாருமா? ஒருத்தர் விடாமலா வேணாம்னுட்டாங்க? அப்ப நான் ஒருத்தன் வந்தா... ஓ. ஜோடி வேணும். ஆமா, மாத்தி மாத்தி விழ இன்னொரு ஆளு வேணுமே, அதுவும் பெரியவங்களா, சின்னப் பசங்களை வெச்சு ஆகாது. ரெண்டு பேராவது இல்லாம முடியாது. சரிதான்.

யாரோ புரளி கிளப்பினாங்களா? அதுதானே பாத்தேன். யாரும்மா அந்தப் படுபாவி? ஒரு நல்ல இடத்தை இப்படி... எப்படி இருந்தாராம்? உயரமா, கம்பீரமான்னு நான் கேள்விப்பட்டேன். இல்லையா? குள்ளமா. சரி. கண்ணாடியை... நெத்தி மேல... ஏத்தி விட்டுக்கிட்டு.

பையா? எந்த மாதிரி பைம்மா?

மஞ்சப் பூவா.

இல்லம்மா, ஒண்ணுமில்ல. உக்காந்துக்கறேன். இல்ல, இது ஆடற பெஞ்சு, தெரியும், பரவாயில்ல. அந்தக் கை உடைஞ்ச ஆளு... அப்படி ஒரு ஆளே கிடையாது, இல்லையா? எனக்கு இப்பத்தான் தெரியுது. நீங்க என் நெத்தியைப் பாக்காதீங்கம்மா, ஒரு மாதிரியா இருக்கு. இருங்க, கதவைப் பூட்டிடாதீங்க. ரெண்டு பேரு இருக்கோமே. நானும் இந்த மேடமும். மேடம், நீங்களே சொல்லுங்க... மேடம்?

எங்க போனாங்க? பாட்டில் மட்டும் இருக்கு.

மேடம்! மேடம், நில்லுங்க! அந்தப் படித் திருப்பத்துலயே நில்லுங்க, பாட்டிலை விட்டுட்டீங்க! இறங்காதீங்க, நான் வர்றேன்... வந்துட்டேன். அப்பாடா. இருங்க, மூச்சு வாங்குது. இந்தாங்க பாட்டில். பாட்டிலுக்காக ஓடி வரல.

மேடம், அந்தப் போலீஸ் நான்தான்.

உயரமும் இல்ல, கம்பீரமும் இல்ல, இந்தப் பூப்போட்ட பையும் நானும்தான். கை உடைஞ்சுதான்னு நான்தான் கேட்டேன். ரத்தம் இருக்கான்னு நான்தான் கேட்டேன். தகராறான்னும் நான்தான். ஒரு கடையில நான் கேள்வியா வெச்சுட்டு வந்ததை இன்னொரு கடையில பதிலா எடுத்துக் குடுத்திருக்காங்க. நானும் வாங்கிக்கிட்டு, பாத்தியா, நெருப்பில்லாம புகையுமான்னு பயந்துக்கிட்டிருந்தேன். தீக்குச்சி என் கையில இருக்கு. அந்தம்மாவுக்கு வர இருந்த அத்தனை பேரையும் நான் ஒருத்தன் ஓட விட்டிருக்கேன். அவங்க என்னைத் திட்டக் கூட இல்ல மேடம், நெத்தியைப் பாத்தாங்க, அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலாம் போல இருக்கு.

கீழ போய் ஒவ்வொரு கடையிலயும் நான் சொல்லிடறேன். என் வாயால கெட்டது என் வாயாலதான் சரியாகணும். ஆனா இன்னைக்கு நீங்க போயிட்டா மேல கதவைப் பூட்டிடுவாங்க. ஒத்தை ஆளுக்கு விழச் சொல்லித்தர முடியாதாம். நான் மறுபடியும் குட்டியை மடியிலதான் வாங்கணும்.

என்ன சொன்னீங்க? கேக்கல, மெதுவாப் பேசறீங்க... பஸ்ஸா? பஸ்ல இருந்து இறங்கும்போது விழுந்தீங்களா. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்களா. அடப்பாவமே. அதுக்கப்புறம் பஸ்ஸே ஏறலையா? அப்ப வேலைக்கு? விட்டுட்டீங்களா... இங்க எப்படி வந்தீங்க? நடந்தேவா? அவ்வளவு தூரமா?

இத்தனை கடையில விசாரிச்சேன். பக்கத்துல உக்காந்திருந்த உங்களை ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. என் மண்டையில எதாலயாவது அடிச்சா என்ன? இருங்க தங்கச்சி, கண்ணைத் துடைங்க. நீங்க விழுந்ததைப் பாத்துச் சிரிச்சவன் ஒருத்தனும் இங்க இல்ல. இங்க எல்லாருமே விழ வந்தவங்கதான்.

வர்றீங்களா? நிஜமாவா? வாங்க, வாங்க, நீங்க முன்னாடி ஏறுங்க... என்ன? நான் முன்னாடியா? இல்ல தங்கச்சி, நான்தான் சொன்னேனே, நான் எதுலயும் முதல் ஆளா...

அட. இந்தப் படியில நான் கைப்பிடியைத் தொடாம ஓடி வந்திருக்கேன். என் மக பாத்திருந்தா அங்கயே மயங்கியிருப்பா.

சரி. இந்தப் பையைப் பிடிங்க. கண்ணாடியையும் வாங்கிக்கோங்க, விழும்போது நெத்தியில இருக்கக் கூடாது. மாஸ்டரம்மா, பூட்டிடாதீங்க, ரெண்டு பேரு வர்றோம்! செருப்பை இங்கதானே விடணும்? நீங்க இப்படி ஜன்னல் பக்கமா நில்லுங்க தங்கச்சி, நல்லாத் தெரியும். முதல்ல நான் விழறேன். அரை மணி நேரம் நல்லா நடமாடினேன்னா, அப்புறம் நீங்க விழுங்க.